பர்வீன் சொல்லி முடிக்கும்வரை

திரையில் ‘இடைநிறு’ வரைக்கும்தான் தெரிந்தது. மிச்ச எழுத்துகளுக்குப் பதிலாக மூன்று புள்ளிகள்.

பாலாஜி சார் அந்தச் சோதனைக் கைப்பேசியை என்னிடமிருந்து வாங்கி ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்தார். உள்ளங்கையில் இரண்டு தட்டு தட்டினார். தட்டினால் உள்ளே சிக்கிய எழுத்து வெளியே வரும் என்று நினைத்தாரோ என்னவோ.

“என்ன செல்வி இது, இடைநிறு? அரிசிக் கடையில ‘எடை நிறு’ன்னு சொல்ற மாதிரி இருக்கு!”

எங்கள் அலுவலகத்துக்குக் கீழே நிஜமாகவே அரிசி மண்டிதான். தவிட்டு வாசனை மாடிப்படி ஏறி எங்கள் கம்ப்யூட்டர் மேசை வரை வரும். அந்த நேரம் பார்த்துக் கீழே தராசில் மூட்டை விழுந்த சத்தம் கேட்டது. எல்லோரும் சிரித்துவிட்டோம்.

பர்வீன் மட்டும் சிரிக்கவில்லை. ஒரு தாளை இழுத்து வைத்துக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் இரண்டு செங்குத்துக் கோடுகள் போட்டாள். பாட்டை நடுவில் நிறுத்தும் பொத்தானில் இருக்குமே, அந்த இரண்டு கோடுகள். கீழே இரண்டே எழுத்தில் ஒரு சொல் எழுதினாள்.

‘இரு.’

எழுதிவிட்டுத் தாளைப் பாலாஜி சார் பக்கம் தள்ளினாள். அவ்வளவுதான். கைப்பையை எடுத்துக்கொண்டு வெளி வராந்தாவுக்குப் போய்விட்டாள்.

மின்சார ரயிலில் மூன்றாவது பெட்டியில் இடம் பிடித்த கதையை இதே பகுதியில் போன வாரம் எழுதியிருந்தேன். “தினமும் முட்டி மோதி ஏறினீர்களே, எங்கேதான் போனீர்கள்?” என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். இங்கேதான் போனேன் அம்மா. தாம்பரம் சானடோரியத்தில் இறங்கி, ஆஸ்பத்திரி மரங்களின் நிழலோடு நடந்து, அரிசி மண்டியின் மாடிக்கு.

இரண்டாயிரத்துக்குப் பிறகு கைப்பேசி எல்லார் கைக்கும் வந்துகொண்டிருந்த காலம். ஏதோ ஒரு வெளிநாட்டுக் கம்பெனிக்குத் தங்கள் கைப்பேசி தமிழ் பேச வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. அந்த வேலை கை மாறிக் கை மாறி எங்கள் மாடிக்கு வந்து சேர்ந்தது. பாலாஜி சார் இன்ஜினியர். மற்றவர்கள் எல்லாம் தமிழ் படித்துவிட்டு வேலை கிடைக்காமல் இருந்தவர்கள். ஆங்கிலச் சொல் இடது பக்கம் வரும், தமிழை வலது பக்கம் தட்ட வேண்டும். திரை சின்னது, அதனால் ஒவ்வொரு சொல்லுக்கும் அளவு உண்டு. அளவு மீறினால் மூன்று புள்ளி.

நூற்றுக்கணக்கான சொற்களைத் தாண்டி வந்த நாங்கள் சிக்கிக்கொண்டது, பாட்டை நடுவில் நிறுத்தச் சொல்லும் ‘பாஸ்’ (pause) என்ற ஆங்கிலச் சொல்லில். அப்படியே தமிழில் எழுதிவிடலாம் என்றார் பாலாஜி சார்.

“எந்த பாஸ் சார்? பஸ் பாஸா, பரீட்சையில பாஸா, இல்ல ‘என்னா பாஸ்’னு கூப்பிடுற பாஸா?” என்று நான் கேட்ட பிறகு அந்த யோசனையை விட்டுவிட்டார்.

மாற்றுச் சொல் இல்லாத சொல்

பர்வீனுக்குத் திக்கும்.

முதல் நாள் எல்லோரும் பெயர் சொல்லி அறிமுகம் செய்துகொண்டோம். அவள் முறை வந்தபோது உதடு இரண்டும் ஒட்டிக்கொண்டன. கண் மேலே போனது. கழுத்தில் ஒரு நரம்பு எழுந்து நின்றது. எங்களுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. நான் என் செருப்பைப் பார்த்தேன். கடைசியில் பாலாஜி சார் கையிலிருந்த தாளைப் பார்த்து, “பர்வீன் பானு, ரைட்?” என்றார். அவள் தலையாட்டினாள்.

அன்று டீ குடிக்கப் போனபோது அவளே சொன்னாள். “மத்த எல்லா வார்த்தைக்கும் மாத்து வார்த்தை இருக்கு செல்வி. பேருக்கு மட்டும்தான் இல்ல.”

வல்லின எழுத்துகள்தான் அவளுக்கு எதிரி. க, ச, ட, த, ப. ‘பணம்’ வராவிட்டால் ‘ரூபாய்’ என்பாள். ‘தண்ணி’ வாசலில் நின்றுவிட்டால் ‘வாட்டர்’. ‘கல்யாணம்’ என்று தொடங்கி, பாதியில் ஆபத்தை உணர்ந்து, ‘வீட்ல ஒரு விசேஷம்’ என்று திருப்பிவிடுவாள். பேச்சு நடக்கும்போதே மனசுக்குள் அகராதியைப் புரட்டிக்கொண்டிருப்பாள். எங்கள் அலுவலகத்தில் அவளைப்போல மொழிபெயர்க்க ஆள் கிடையாது. நாங்கள் ஒரு சொல்லைத் தேடிக்கொண்டிருக்கும்போது அவளிடம் நாலு இருக்கும். அவளுக்கு அது சின்ன வயதிலிருந்து பிழைப்பு.

அதற்கு நஷ்டமும் உண்டு. அவளுக்குப் பிடித்தது பன். கடையில் போய் நின்றால் ‘ப’ வராது. “ரொட்டி” என்பாள். டீக்கடைக்காரர் காய்ந்த ரொட்டித் துண்டைக் கொடுப்பார்.

“இன்னாமா, தெனம் இத்தையே துன்னுகினு கீற? பன்னு ஃப்ரெஷ்ஷா கீதும்மா!” என்று அவர் ஒருநாள் கேட்டார். பர்வீன் ரொட்டியை டீயில் முக்கியபடி, “வேணாம்ணா, இதுதான் ருசி” என்றாள்.

பழகிய புதிதில் ஏதோ சொல்ல வந்து, “நாளைக்கு எங்க ப… ப…” என்று நின்றாள். நான் உதவி செய்கிற நினைப்பில், “பல்லாவரமா? பள்ளிவாசலா? பக்கத்து வீடா?” என்று அடுக்கினேன். அவள் என் கை மேல் ஒன்று போட்டாள்.

“நான் என்ன விடுகதையா போட்டேன் உனக்கு? நீ முடிக்காதே. நானே வந்துருவேன்.”

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அவள் பேச்சை இங்கே பெரும்பாலும் நிற்காமல்தான் எழுதுகிறேன். நின்ற இடத்திலெல்லாம் புள்ளி வைத்துக் காட்டினால், அச்சில் அது கேலி செய்வதுபோல் ஆகிவிடுகிறது. படிப்பவர்கள் நடுவில் நேரத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இடை படுத்திய பாடு

‘பாஸ்’ எங்களை வாரக்கணக்கில் அலைக்கழித்தது. அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் எனக்குத் தவிட்டு வாசனை வருகிறது.

நாங்கள் ‘இடை’யைப் பிடித்துக்கொண்டோம். இடை என்றால் நடு. அதனால்தான் உடம்பின் நடுவுக்கும் இடை. கவிஞர்கள் அதை இல்லை இல்லை என்று பாடியே தேய்த்துவிட்டார்கள். மலைக்கும் வயலுக்கும் நடுவிலிருந்த காட்டு நிலத்தில் மாடு மேய்த்ததால்தான் இடையர் என்று பெயர் வந்தது என்பார்கள். நடுவில் வந்து கெடுத்தால் இடையூறு. சினிமாவில் முறுக்கு வாங்க விட்டால் இடைவேளை. தெருவாசலுக்கும் கூடத்துக்கும் நடுவிலிருந்த நடை இடைகழி. அதுதான் வாயில் உருண்டு உருண்டு ரேழி ஆனது. பழைய தமிழில் எடைக்கும் இடை என்று பெயர் உண்டு. ஆக, பாலாஜி சாரின் அரிசிக் கடை ஹாஸ்யம் அவருக்கே தெரியாமல் இலக்கியத் தரம் கொண்டது.

‘இடைவெளி’ எனக்குப் பிடித்த சொல். அதில் ‘வெளி’ இருக்கிறது பாருங்கள். ஆங்கிலக்காரனின் ‘கேப்’பில் ஏதோ உடைந்துபோன தோற்றம் இருக்கிறது. நம்முடையதில் காற்று வருகிறது.

ஒருநாள் மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு நான் இலக்கணம் பேசினேன். தமிழுக்கு இரண்டு உயிரெழுத்து பக்கத்தில் பக்கத்தில் நிற்பது பிடிக்காது. மணி, அடித்தது என்று தனித்தனியாகச் சொன்னால் நடுவில் ஓர் இடைவெளி விழும். விட்டிசைப்பது என்று அதற்குப் பெயர். அது விழாமல் இருக்க ஒரு ‘ய்’ உள்ளே புகுந்து ‘மணியடித்தது’ என்று ஒட்டிவிடும். திரு, அருள் என்றால் ‘வ்’ புகுந்து ‘திருவருள்’. நடுவில் புகும் அந்த எழுத்துக்கு உடம்படுமெய் என்று பெயர். உடம்படுதல் என்றால் சம்மதித்தல்.

பர்வீன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். “அப்ப தமிழ்லயும் ஒருத்தர் நின்னா நடுவுல யாராவது பூந்துருவாங்களா?”

“ஆமா.”

“எங்க வீட்ல அந்த ‘ய்’யும் ‘வ்’வும் எங்க அத்தாதான்.”

அத்தா என்று அவள் சொன்னது அவள் அப்பாவை.

பிறகு அவளும் ஒன்று சொன்னாள். குர்ஆன் ஓதும்போது எங்கே நிற்க வேண்டும், எங்கே நிற்கக் கூடாது என்று வரிக்கு மேலே குட்டி எழுத்தில் குறி போட்டிருக்குமாம். அப்படி நிற்பதற்குப் பெயர் வக்ஃபு. பள்ளிவாசலுக்கு எழுதி வைத்த நிலத்தை வக்ஃபு நிலம் என்கிறோமே, அதே சொல்தான். வாங்க முடியாமல், விற்க முடியாமல் நின்றுபோன நிலம். மூச்சு விடாமல் கொஞ்சமே கொஞ்சம் நிற்க வேண்டிய இடங்களும் உண்டாம். அதற்கு வேறு பெயர்.

“ஓதும்போது எனக்குத் திக்கவே திக்காது, தெரியுமா? எங்க நிக்கணும்னுதான் எழுதியே இருக்குல்ல.”

விமானம் போகிற ஊர்

பர்வீன் வீடு பல்லாவரத்தில். பஜாரில் அவள் அத்தாவுக்கு மிக்ஸி, ஃபேன், ஒயர் விற்கிற எலக்ட்ரிக்கல் கடை. கடைக்கு இரண்டு தெரு தள்ளி வீடு.

அந்தத் தெருவில் எனக்குப் பிடித்தது விமானம். மீனம்பாக்கத்தில் இறங்கப் போகிற விமானம் மொட்டை மாடித் துணியை உரசுவதுபோல் தாழ்வாகப் போகும். அந்த நேரத்தில் யார் என்ன பேசினாலும் காதில் விழாது. அதனால் தெருவே பேச்சைப் பாதியில் நிறுத்தும். மீன்காரம்மா விலையைச் சொல்லாமல் வாயைத் திறந்தபடி நிற்பார். சண்டை போடுகிறவர்கள் விரலை நீட்டியபடி காத்திருப்பார்கள். சத்தம் போன பிறகு விட்ட சொல்லிலிருந்து ஒன்றுமே நடக்காததுபோல் தொடர்வார்கள்.

“எனக்கு ஏத்த ஊரு” என்பாள் பர்வீன். “இங்க எல்லாரும் திக்குவாங்க.”

அத்தா நல்ல மனிதர். உயரமாக, வெள்ளைச் சட்டைப் பையில் எப்போதும் டெஸ்டரோடு இருப்பார். நான் போனால் பவண்டோ வாங்கி வரச் சொல்வார். ஆனால் பர்வீன் ஒரு வாக்கியத்தை முடிக்க அவர் விட்டு நான் பார்த்ததில்லை. “அத்தா, செல்விக்கு ஒரு ட…” என்றால், “டேபிள் ஃபேனா? பார்த்துருவோம்” என்பார். அவள் கேட்டது டார்ச் லைட்டாக இருக்கும். அவளும் திருத்த மாட்டாள். மகள் பிறர் முன்னால் திணறி நிற்பதை அவரால் பார்க்க முடியவில்லை. சொல்லை எடுத்துக் கொடுத்துவிட்டால் அவள் பிழைத்துக்கொள்வாள் என்று நினைத்தார்.

அடக்கமான பெண்

இடைநிறு கதைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பர்வீனைப் பெண் பார்க்க வந்தார்கள். மேடவாக்கத்தில் அடுக்குமாடியில் குடியிருந்த குடும்பம். பையன் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. நானும் போயிருந்தேன்.

திக்குவதைப் பற்றி அவர்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. “முதல்ல பார்க்கட்டும். அப்புறம் மெதுவா சொல்லிக்கலாம்” என்றார் அத்தா. பர்வீனிடம், “ஸலாம் மட்டும் சொல்லிட்டு உக்காந்துரும்மா. மத்ததை நான் பார்த்துக்கறேன்” என்றார்.

அப்படியே நடந்தது. பையனின் அம்மா என்ன படிச்சிருக்கே என்று கேட்டார். அத்தா பதில் சொன்னார். சமைக்கத் தெரியுமா என்றார். அத்தா பதில் சொன்னார். பையன் ஒரே ஒரு கேள்வி கேட்டான், ஆபீஸ் எங்கே என்று. பர்வீன் வாயைத் திறந்தாள். அப்போது விமானம் போனது. போன பிறகு பார்த்தால் அத்தா, “சானடோரியம், ஸ்டேஷன்ல இறங்கி அஞ்சு நிமிஷம்” என்று சொல்லி முடித்திருந்தார்.

பையனின் அம்மாவுக்குப் பரம திருப்தி. பர்வீனின் கன்னத்தைத் தொட்டு, “இந்தக் காலத்துல இப்படி அடக்கமான பொண்ணைப் பார்க்க முடியுமா? நாலு வார்த்தை அதிகமா பேசல” என்றார். “உனக்குச் சம்மதம்தானேம்மா?” என்றும் கேட்டார். பர்வீன் ‘ச’வில் நின்றாள். அந்தம்மா சிரித்துக்கொண்டே, “வெக்கம்! மௌனமே சம்மதம்தான்” என்று சொல்லிவிட்டுத் தட்டிலிருந்து ஒரு துண்டு வெல்லம் எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

மறுநாள்தான் அவள் சிரிக்காமல், ‘இரு’ என்று எழுதிவிட்டு வராந்தாவுக்குப் போனது.

லைன் நல்லாத்தான் இருக்கு

நான் பின்னாலேயே போனேன். பர்வீன் தன் கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு கம்பியில் சாய்ந்து நின்றிருந்தாள். கீழே லாரியிலிருந்து மூட்டை இறங்கிக்கொண்டிருந்தது.

“அவங்க யாரையோ பார்த்துட்டுப் போயிருக்காங்க செல்வி. நான் இல்ல அது. நிக்காஹ் முடிஞ்சு மறுநாள் காலையில நான் வாயைத் தொறப்பேனே, அப்ப என்ன பண்ணுவாங்க?”

“அத்தாகிட்ட சொல்லு.”

“சொல்லிட்டேன். பொறுத்துக்கோன்னாரு. எத்தனை நாளைக்குப் பேசாம பொறுத்துக்கறது?”

மாப்பிள்ளையின் நம்பர் அவளிடம் இருந்தது. போடுகிறேன் என்றாள். நான் வேண்டுமானால் பேசட்டுமா என்று கேட்டேன். என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

மணி போனது. அவன் எடுத்தான். “ஹலோ?” என்றது எனக்கே கேட்டது. பர்வீனுக்கு முதல் சொல் தன் பெயர்தான். உதடு ஒட்டிக்கொண்டது. “ஹலோ? ஹலோ? யாருங்க? சிக்னல் இல்ல போல.” வைத்துவிட்டான்.

மறுபடி போட்டாள். மறுபடி, “ஹலோ… கேக்கல… கட் ஆவுது.” வைத்துவிட்டான்.

அவள் கண் நிறைந்துவிட்டது. துடைக்கவில்லை. மூன்றாவது முறை போட்டாள். அவன் எடுத்ததும் பெயரை விட்டுவிட்டு நேராகச் சொன்னாள்.

“வைக்காதீங்க. லைன் நல்லாத்தான் இருக்கு. நான்தான் நின்னு நின்னு பேசுறேன். எனக்குத் திக்கும். நேத்து அதை உங்ககிட்ட மறைச்சுட்டாங்க. நான் பர்வீன்.”

இதை நான் ஒரே மூச்சில் எழுதிவிட்டேன். அவள் சொல்லி முடிப்பதற்குள் கீழே லாரி பாதி காலியாகிவிட்டது.

அவள் காத்திருந்தாள். “ஓ” என்றான் அவன். கொஞ்ச நேரம் கழித்து, “அம்மாகிட்ட பேசிட்டுச் சொல்றேங்க” என்றான். மரியாதையான பையன்தான். அவன் மேல் எனக்குக் கோபமில்லை. அந்த வாரமே சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அத்தா உடைந்துபோனார். “உன் வாயாலேயே கெடுத்துக்கிட்டியேம்மா” என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. வேறு எந்தப் பேச்சையும் எடுக்கவில்லை. மகளும் அப்பாவும் ஒரே சாப்பாட்டு விரிப்பில் உட்கார்ந்து, உப்பு வேண்டுமென்றால் அம்மா மூலம் கேட்கிற அளவுக்குப் போய்விட்டது. பர்வீன் அலுவலகத்தில் வழக்கம்போல இருந்தாள். ரயிலில் மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

இரண்டெழுத்து

‘இரு’ என்னவாயிற்று என்று கேட்பீர்கள்.

எனக்கு அந்தச் சொல் போகப் போகத்தான் பிடித்தது. யோசித்துப் பாருங்கள். பஸ்ஸுக்குக் கிளம்பும் பிள்ளையிடம் “இரு, வரேன்” என்கிறோம். விருந்தாளியிடம் “ரெண்டு நாள் இரேன்” என்கிறோம். நிற்பதற்கும் தங்குவதற்கும் உயிரோடு இருப்பதற்கும் ஒரே சொல். ‘இரு’ என்றால் இரண்டு என்றும் பொருள். பொத்தானில் இருப்பதோ இரண்டு கோடு. தமிழ் அதற்காகவே காத்திருந்ததுபோல் இருந்தது. மூன்று புள்ளிக்கு வேலையே இல்லை.

பாலாஜி சாருக்கும் பிடித்துத்தான் அனுப்பி வைத்தார். மேலிடத்தில் தமிழைச் சரிபார்க்கிறவர் யாரோ, “வாடிக்கையாளரை ஒருமையில் அழைப்பதாகாதா? ‘இரு’ என்பது மரியாதைக் குறைவு” என்று எழுதிவிட்டார்.

“அப்ப ‘நிறுத்து’ மட்டும் மரியாதையா?” என்று பர்வீன் கேட்டாள்.

“விடும்மா. அவங்க காசு குடுக்குறாங்க” என்றார் பாலாஜி சார்.

‘இடைநிறுத்து’தான் ஜெயித்தது. எழுத்தைச் சிறிதாக்கித் திரையில் அடைத்தார்கள். இப்போது எல்லாக் கைப்பேசியிலும் அதைத்தான் பார்க்கிறேன். நல்ல சொல்தான், குறையில்லை. அந்த மாடி அலுவலகம் கொஞ்ச காலத்தில் மூடிவிட்டது. அரிசி மண்டி மேலேயும் பரவிக்கொண்டது என்று கேள்வி.

சாதிக்

அத்தாவுக்குக் காய்ச்சல் வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை பர்வீன் கடையில் உட்கார்ந்தாள். வண்டலூர்ப் பக்கத்திலிருந்து ஏசி மெக்கானிக் ஒருவர் ஏதோ சாமான் கேட்டு வந்தார். பெயர் சாதிக். அது கடையில் இல்லை, செவ்வாய்க்கிழமை வரும் என்று அவள் சொல்ல வேண்டும். ‘செ’ வரவில்லை.

“மத்தவங்க நான் நிக்கும்போது வேற எங்கயாவது பார்ப்பாங்க செல்வி. ஃபேனைப் பார்ப்பாங்க, செருப்பைப் பார்ப்பாங்க. இந்த ஆளு என்னையே பார்த்துக்கிட்டு நின்னாரு. எனக்கு முதல்ல கோபம்தான் வந்துச்சு.”

“அப்புறம்?”

“செவ்வாய்க்கிழமைன்னு சொன்னேன். சரிங்கன்னு போயிட்டாரு.”

செவ்வாய்க்கிழமை வந்தார். அதற்கடுத்த செவ்வாயும் வந்தார். அப்புறம் அவருடைய அக்கா பல்லாவரத்துக்கு வந்து பெண் கேட்டார்.

அத்தாவுக்கு இஷ்டமில்லை. “டிகிரி படிச்ச பொண்ணு. அவரு மெக்கானிக்கு” என்றார். இருந்தாலும் வரச் சொன்னார். இந்தத் தடவை மறைக்க ஒன்றுமில்லை. நான் அடுக்களை வாசலில் நின்றிருந்தேன். அத்தா சாதிக்கிடம், “எங்க பொண்ணுக்கு இப்ப அவசரம் ஒண்ணும் இல்லைங்க. அவ மேல படிக்கணும்னு சொல்றா” என்றார். பர்வீன் அப்படி ஒருநாளும் சொன்னதில்லை.

சாதிக் அதிர்ந்து பேசாத ஆள். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “சரிங்க பாய். இது உங்க பதில். அவங்க பதிலையும் கேட்டுட்டுப் போறேனே” என்றார்.

அத்தா பர்வீனைப் பார்த்தார். வாயைத் திறந்தார், மூடினார். அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்பது அவர் கை டெஸ்டரை எடுத்து எடுத்துப் பைக்குள் வைத்ததில் தெரிந்தது. பர்வீன் நின்று நின்று சொன்னாள். “மேல படிக்கணும்னு நான் சொல்லல அத்தா. இவரைக் கட்டிக்கணும்னு இருக்கு. நீங்க சொன்னா கட்டிக்கறேன். நீங்க சொல்லணும்.”

அவள் அவ்வளவு நீளமாகப் பேசி அத்தா கேட்டது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். எழுந்து முற்றத்துப் பக்கம் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். “தேதி பார்ப்போம்” என்றார்.

மாடி அறை

மேற்குத் தாம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபம். பெண்கள் மாடியில், ஆண்கள் கீழே. மல்லிகையும் அத்தரும் பிரியாணித் தம்மும் கலந்து மாடி அறை மூச்சு முட்டியது. பர்வீன் மெரூன் புடவையில், தலையில் முக்காடோடு, நடுவில் உட்கார்ந்திருந்தாள். நான் அவளுக்குப் பக்கத்தில்.

நிக்காஹ்வுக்கு முன்னால் பெண்ணிடம் சம்மதம் கேட்க வேண்டும். அதற்குப் பெண் சார்பில் ஒருவர், இரண்டு சாட்சிகளோடு வருவார். பர்வீனுக்கு அவளுடைய சின்னத்தா வந்தார், அத்தாவின் தம்பி. அறை வாசலில் நின்று, மாப்பிள்ளை பெயரும், அவர் பெண்ணுக்குக் கொடுக்கும் மஹர்த் தொகையும் சொல்லி, “உன்னை நிக்காஹ் செஞ்சு குடுக்க உனக்குச் சம்மதமாம்மா?” என்று கேட்டார்.

பர்வீன் தலையை நிமிர்த்தினாள். வாய் திறந்தது. சத்தம் வரவில்லை.

தலையாட்டினால் போதும் என்று அவளுக்குத் தெரியும். ‘ம்’, ‘ஆமா’ என்று வேறு எதையாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். கன்னிப் பெண் பேசாமல் இருந்தாலே அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளலாம் என்பதும் அவள் எனக்குச் சொன்னதுதான். “ஆனா நான் சொல்லணும் செல்வி. கேட்டாங்கன்னா நான் சொல்லணும்” என்று முந்தின நாள் மருதாணிக் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லியிருந்தாள்.

மேலே மின்விசிறி சுற்றியது. யாரோ ஒரு குழந்தை கொலுசோடு ஓடியது. பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“வெக்கப்படுது” என்றார் ஒரு பெரியம்மா. “மௌனம் சம்மதம்தான். போங்க, நிக்காஹ் ஓதிவைக்க கீழ ஹஸ்ரத் காத்துக்கிட்டு இருக்காங்க.”

சின்னத்தாவுக்கு அண்ணன் மகள் மேல் உயிர். அவள் கஷ்டப்படுவதைப் பார்க்க முடியாமல், “போதும்மா, புரிஞ்சுது. சிரமப்படாதே” என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். பர்வீன் கையை உயர்த்தினாள். அவர் அதைப் பார்க்கவில்லை. சாட்சிகளும் திரும்பிவிட்டார்கள். செருப்புச் சத்தம் படியிறங்கியது.

நான் எழுந்து வாசலுக்கு ஓடினேன். படியின் நடுவில் அத்தா நின்றிருந்தார். கீழே மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டியவர் எப்போது ஏறி வந்தார் என்று தெரியவில்லை. கைப்பிடியில் ஒரு கையும் சுவரில் ஒரு கையுமாக வழியை மறித்து நின்றார்.

“எங்கடா போற?”

“சம்மதம் ஆயிருச்சுண்ணே.”

“யாரு சொன்னது?”

“அமைதியா இருந்தா. அது போதும்லண்ணே.”

“போதாது” என்றார் அத்தா. “அவ இன்னும் சொல்லி முடிக்கல. மேல போ.”

சின்னத்தா திரும்பி ஏறி வந்தார். சாட்சிகளும் வந்தார்கள். வாசலில் நின்றார்கள். அத்தா அறைக்குள் வரவில்லை. படியிலேயே நின்றார். அங்கிருந்து மகளின் முகம் அவருக்குத் தெரியாது. காதுதான் இருந்தது.

அந்த அறையில் யாரும் பேசவில்லை. எனக்குப் பக்கத்திலிருந்த பெண் பொறுக்க முடியாமல் சொல்லை எடுத்துக் கொடுக்க வாயெடுத்தாள்; நான் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். பர்வீனின் தாடை இறுகியது. கழுத்து நரம்பு எழுந்தது. நெற்றியில் விழுந்த முக்காட்டு ஜரிகை மெல்ல நடுங்கியது. கண்ணை மூடினாள். மூச்சை விட்டாள். மறுபடி எடுத்தாள்.

“சம்மதம்” என்றாள்.

முழுசாக, ஓர் எழுத்தும் உடையாமல் வந்தது. பிறகு கண்ணைத் திறந்து சின்னத்தாவைப் பார்த்து, “எனக்கு முழுச் சம்மதம்” என்றாள். இந்தத் தடவை நின்று நின்றுதான் வந்தது. அதைப் பற்றி அவளுக்குக் கவலை இருந்ததாகத் தெரியவில்லை.

சின்னத்தா “அல்ஹம்துலில்லாஹ்” என்றார். பேண்ட் பையில் கைக்குட்டையைத் தேடிக்கொண்டே இறங்கிப் போனார்.

நான் வாசலுக்கு வந்து பார்த்தேன். அத்தா படியில் உட்கார்ந்துவிட்டிருந்தார். தொப்பி ஒரு பக்கம் சரிந்திருந்தது. கீழிருந்து ஒருவர் பாதிப் படி ஏறி வந்து, “என்ன பாய், இவ்வளவு நேரம்? கீழ எல்லாரும் கேக்குறாங்க, மேல ஏதாவது பிரச்சனையா?” என்றார்.

“ஒண்ணுமில்ல” என்றார் அத்தா. “எம்பொண்ணு பேசிக்கிட்டு இருந்தா.”